எழுந்து போன ஓட்டு

அத்தியாயம் 6

எஸ்ராவைச் சிறைக்கு அனுப்ப இன்னும் ஒன்றேமுக்கால் மணி நேரம் இருந்தது. அதற்குள் நாடாளுமன்றச் சபையின் காவல் அதிகாரியான சார்ஜென்ட் வந்து, பூட்டிய அறைக்கு ஒரு நாள் வாடகை எவ்வளவு என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வெஸ்ட்மின்ஸ்டரில் கைதாவதற்கும் கட்டணம் உண்டு, விடுதலையாவதற்கும் கட்டணம் உண்டு. நிரபராதிக்குத் தள்ளுபடி கிடையாது.

மற்ற நாளாக இருந்தால் டார்கஸ் இதைக் கேட்டு ஒரு வாரம் சிரித்திருப்பாள். இன்று சிரிக்கவில்லை. எஸ்ரா அவளுடைய ஒரே தம்பி. சபை மேசையில் துணை எழுத்தனாக உட்கார்ந்து, ஊரார் பேச்சையெல்லாம் குறித்துக்கொண்டு, தன் பங்குக்கு ஒரு வார்த்தை பேசாமல் பத்து வருஷம் ஓட்டியவன். அவள் கணவன் இறந்தபோது, சபைக்குப் பக்கத்துப் பெருமண்டபத்தில் கழுத்துப்பட்டைக் கடை போட இடம் பிடித்துக் கொடுத்ததும் அவன்தான். கேட்ஹவுஸ் சிறையில் இந்தக் குளிருக்குக் காய்ச்சல் பரவியிருந்தது. போன மாதம் உள்ளே போன ஆறு பேரில் இரண்டு பேர்தான் நடந்து வெளியே வந்தார்கள். எஸ்ராவுக்குச் சும்மாவே நெஞ்சில் சளி கட்டும்.

அந்தப் பூட்டிய அறையில் அவள் பக்கத்தில் நின்ற நெகமியா கார்த், பதினான்கு வருஷம் போர்க்கப்பலில் பண்டகசாலையைப் பார்த்தவர். மாலுமிகள் திருடாத பொருள் கிடையாது என்பதால், திருட்டில் அவருக்குத் தெரியாத வகையும் கிடையாது. இப்போது கடற்படைக் குழுவுக்காகக் காணாமல் போனவற்றைத் தேடிக் கொடுக்கிறார். சிரித்தால் அதற்கும் வரி போட்டுவிடுவார்களோ என்று பயப்படுகிற முகம். டார்கஸ் அவருக்கு உதவியாளர். அவளுக்குச் சம்பளம் கொடுக்கும் கடமை அவருக்கு இல்லை, அவளை வாயை மூடச் சொல்லும் உரிமையும் இல்லை. இந்த ஏற்பாடு இருவருக்கும் ஒத்துவந்திருந்தது.

கார்த் கேட்க, எஸ்ரா மறுபடியும் முதலிலிருந்து சொன்னான். ஒல்லாந்துக்காரர்கள் போன வாரம் நம் கப்பல்களை அடித்து விரட்டிய பிறகு, மிச்சக் கப்பல்கள் ரொட்டியும் இறைச்சியும் இல்லாமல் ஆற்றில் நிற்கின்றன. உள்நாட்டுப் போரில் ராஜா பக்கம் நின்று சண்டை போட்ட முப்பத்தொரு பேரின் நிலத்தை விற்றுக் கடற்படைக்குக் கொடுப்பது என்று மசோதா. முப்பத்தொரு பெயரும் ஒரே ஆட்டுத்தோல் சுருளில் எழுதி, குழுவின் அரக்கு முத்திரை வைத்து, காலையில் மேசையின் ஓரத்தில் இருந்தது. பதினோரு மணிக்குச் சபாநாயகர் ஓட்டுக்கு விட்டார்.

அந்தச் சபையில் ஓட்டுப் போடுவது உடம்பால். புதிதாக ஒன்று வேண்டும் என்கிற 'ஆம்'காரர்கள் எழுந்து வெளிக்கூடத்துக்குப் போக வேண்டும். வேண்டாம் என்கிற 'இல்லை'காரர்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம். உள்ளே இருப்பவர்களை முதலில் எண்ணுவார்கள், பிறகு வெளியே போனவர்கள் கதவு வழியே திரும்பி வரும்போது அவர்களை எண்ணுவார்கள். எஸ்ரா அந்த நேரத்தில் குனிந்து இறகுப் பேனாவைச் சீவிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தபோது சுருள் இல்லை.

பெஞ்சுக்கு அடியிலும் பாய்க்கு அடியிலும் தேடிவிட்டார்கள். எஸ்ராவின் உடுப்பை உதறிப் பார்த்துவிட்டார்கள். உறுப்பினர்களை மட்டும் யாரும் தொடவில்லை, தொடவும் முடியாது. சபை உறுப்பினரின் சட்டைப்பையில் கைவிடுவது தேசத்துரோகத்துக்கு ஒரு படிதான் குறைவு. சுருள் கிடைக்கும்வரை யாரும் வளாகத்தை விட்டுப் போகக் கூடாது என்று உத்தரவாகி, வெளிக்கதவுகள் சாத்தியிருந்தன. மூன்று மணிக்குச் சபை மறுபடி கூடும். அதற்குள் யாரையாவது சிறைக்கு அனுப்பியாக வேண்டுமே. ராஜா கட்சிக்காரர்களின் மனைவிமார் டார்கஸ் கடையில் லேஸ் வாங்குவது எல்லாருக்கும் தெரியும், அவள் தம்பியோ மேசைக்குப் பொறுப்பு. இதற்குமேல் யோசிக்கச் சபைக்குப் பசி இடம் கொடுக்கவில்லை.

"எத்தனைக்கு எத்தனை?" என்றார் கார்த்.

"வெளிய போனவங்க இருபத்தேழு. உள்ள இருந்தவங்க இருபத்தாறு. மசோதா ஒரு ஓட்டுல ஜெயிச்சுது," என்றான் எஸ்ரா.

"அது எப்படி?" என்றாள் டார்கஸ். "மூணு நாளா மண்டபத்துல பந்தயம் ஓடுது. ஒவ்வொரு பேரா விரல் விட்டு எண்ணியாச்சு. வேணும்னு இருபத்தாறு, வேண்டாம்னு இருபத்தேழு. ஒரு ஓட்டுல தோக்கணும்."

"பந்தயம் பாவம்."

"தெரியும். அதனாலதான் எல்லாரும் மெதுவாப் பேசிக் கட்டினோம்."

யாராவது பேச்சைக் கேட்டு மனம் மாறியிருக்கலாம் என்றான் எஸ்ரா. கார்த் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். பத்து வருஷம் அந்த மேசையில் உட்கார்ந்த பிறகும் அவனுக்கு இப்படி ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும்.

தம்பியின் கழுத்துத் துணியை இறுக்கிக் கட்டிவிட்டு டார்கஸ் வெளியே வந்தாள். நடைபாதையில் கார்த் சுவரைப் பார்த்தபடி நின்றார். இது அவர் யோசிக்கும் விதம். சுவர்கள் குறுக்கே பேசுவதில்லை என்று முன்பு ஒருமுறை காரணம் சொல்லியிருந்தார்.

மசோதாவை வெறுத்தவன்தான் சுருளை எடுத்திருப்பான், வெறுத்தவர்கள் எல்லாம் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள், ஆகவே சுருள் உள்ளேதான் இருக்க வேண்டும் என்று சார்ஜென்ட் மூன்று தடவை பாயைப் புரட்டினார். அங்கே இல்லை என்றால் அது கதவு வழியே போயிருக்கிறது. கதவு வழியே போனவர்கள் எல்லாரும் மசோதா வேண்டும் என்றவர்கள். வேண்டும் என்பவன் அதை ஏன் திருட வேண்டும்?

"அப்ப வேண்டாம்ங்கிறவன் ஒருத்தன் எழுந்து போயிருக்கான்," என்றாள் டார்கஸ். "ஆனா ஐயா, ஆளுங்க கட்சி மாறி எண்ணப்படறது வழக்கம்தானே? 'ஆம்'காரங்கள்லயே ரெண்டு மூணு பேர் எப்பவும் எழுந்திருக்க மாட்டாங்க. இடம் போயிடும்னு பயம்."

"அதேதான். சோம்பேறித்தனத்துல ஒருத்தன் உட்கார்ந்தே 'இல்லை'ன்னு ஆயிடலாம். சோம்பேறித்தனத்துல எவனும் எழுந்து போய் 'ஆம்'னு ஆக முடியாது. எழுந்தவனுக்கு ஒரு காரணம் இருந்திருக்கு."

"ஆட்டுத்தோல்ல எழுதின காரணம்."

அந்த ஓர் ஆள் யார் என்பதுதான் கேள்வி. யார் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார் என்று சபையில் எழுதி வைப்பதில்லை. கேட்பதே குற்றம். எண்ணியவர்கள் தலையைப் பார்த்தார்களே தவிர முகத்தைப் பார்க்கவில்லை. இருபத்தாறு 'இல்லை'காரர்களும் தங்களுக்குள் ஒரு துரோகி இருப்பதாக மண்டபத்தில் காலையிலிருந்து ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடன் துரோகியும் சேர்ந்து முறைத்துக்கொண்டிருந்தான்.

"எழுந்து போறவன் எதை விட்டுட்டுப் போவான்?" என்றார் கார்த் சுவரிடம்.

"இடத்தை," என்றாள் டார்கஸ்.

இருவரும் சபைக் கதவை நோக்கி நடந்தார்கள்.

சபை காலியாக இருந்தது, ஒரே ஒருவரைத் தவிர. ஹெசக்கியா போல் என்ற எழுபத்தாறு வயது உறுப்பினர், தெற்குச் சுவரை ஒட்டிய மூலையில் தொப்பியும் போர்வையுமாக உட்கார்ந்து, மடியில் வைத்து ஆட்டிறைச்சிப் பணியாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுத்த அறைக் கணப்பின் சூடு சுவர் வழியே கசிவது அந்த ஓர் இடத்தில் மட்டும்தான். சாப்பாட்டு நேரத்துக்கும் கிழவர் நகரவில்லை என்று கதவுக்காரன் சொன்னான். உறுப்பினர் அல்லாதவர் உள்ளே கால் வைக்கக் கூடாது. கிழவருக்கோ காது கேட்காது. ஆகவே ரகசிய விசாரணை வாசற்படியில் நின்று, தொண்டை கிழியக் கத்தி நடந்தது.

சாப்பிட வெளியே போகவில்லையா என்று கார்த் கத்தினார்.

"போனா இடம் போச்சு," என்றார் கிழவர். "பதினோரு வருஷம் இந்த இடத்துக்காகக் காத்திருந்தேன் தம்பி. என் முதுகு சாகறதுக்கு முன்னாடி ஒரு நாளாவது சூடா இருக்கட்டுமே."

இதுவரை யார் இங்கே உட்கார்ந்தார்கள் என்று டார்கஸ் கத்தினாள்.

"கெட்டில்பி. ஆம்ப்ரோஸ் கெட்டில்பி. விடியறதுக்கு முன்னாடி வந்து உட்கார்ந்தா சபை முடியற வரைக்கும் எழுந்திருக்க மாட்டான். எந்த ஓட்டானாலும் 'இல்லை'தான். ஏதோ கொள்கைக்காரன்னு நெனச்சு மரியாதை வச்சிருந்தேன். இங்க உட்கார்ந்து பார்த்த பிறகுதான் தெரியுது, எல்லாம் இந்தச் சுவத்துச் சூடு."

இன்று அவர் எப்போது எழுந்தார் என்பதுதான் அடுத்த கேள்வி. ஓட்டுக்கு விட்டதும் நெரிசலோடு நெரிசலாக எழுந்து, மேசை ஓரமாக உரசிக்கொண்டு போனார் என்றார் கிழவர். தான் அந்த நொடியே வழுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டதாகவும், திரும்பி வந்த கெட்டில்பி இடத்தைத் திருப்பிக் கேட்காமல் தூணோரம் நின்றதாகவும் சந்தோஷமாகச் சேர்த்துக்கொண்டார். இதை மூன்று மணிக்குச் சபையில் சொல்வீர்களா என்று டார்கஸ் கேட்டபோது மட்டும் அவருக்குக் காது இன்னும் மோசமாகிவிட்டது. இரண்டாவது தடவை கேட்டதற்கு, ஓர் உறுப்பினர் எங்கே ஓட்டுப் போட்டார் என்று இன்னொருவர் சொல்வது முறையில்லை என்றார். அதுவும் போக, விசாரணை என்று வந்தால் இடத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிடுவார்கள்.

பெருமண்டபத்தில் கூட்டம் அடைத்துக்கொண்டிருந்தது. வெளியே போக முடியாத வக்கீல்களும் உறுப்பினர்களும் கடைக்காரர்களும் கிடைத்த பெஞ்சில் உட்கார்ந்து ஊறவைத்த மீனும் பீரும் சாப்பிட்டார்கள். புத்தகக் கடை ஓரமாகக் கெட்டில்பி நின்றபடி ரொட்டி தின்றுகொண்டிருந்தார். பெரிய உடம்பு. தொடைவரை அகலமாக விரிந்த வாய் வைத்த பூட்ஸ். பக்கத்திலேயே ஒரு பெஞ்சு காலியாக இருந்தது.

டார்கஸ் தன் கடையிலிருந்து ஒரு முக்காலியை எடுத்துப் போய், உட்காரும்படி அவரிடம் பணிவாகச் சொன்னாள். நிற்பது ஜீரணத்துக்கு நல்லது என்று அவர் மறுத்துவிட்டார். பதினோரு வருஷம் சுவரோடு சுவராக உட்கார்ந்தே ஜீரணம் பண்ணிய மனிதர். அவள் முக்காலியைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிட்டுச் சொன்னாள்:

"இடது பூட்ஸ்ல இருக்கு, ஐயா. முழு ஆட்டுத்தோல், சுருட்டினா உலக்கைக் கனம். முழங்கால் மடங்கல. காலையிலேர்ந்து மனுஷன் உட்காரவே இல்ல."

எரித்துத் தொலைத்திருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றியது. தோல் எரிந்தால் மண்டபம் முழுக்க நாறும் என்றார் கார்த். இதற்குள் அவர் எஸ்ராவிடம் ஆள் அனுப்பிப் பட்டியலையும் கேட்டு வாங்கியிருந்தார். எழுதியவன் அவனே என்பதால் மனப்பாடமாக இருந்தது. அதில் ஒரு பெயர் கெட்டில்பியின் மைத்துனர். அந்த மைத்துனரின் புல்வெளியில் மேய்வது கெட்டில்பியின் முந்நூறு ஆடுகள். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தை நம்பி அவற்றை விட்டுவைக்க அவருக்கு மனம் வரவில்லை. பட்டியலில் முத்திரை வைத்த குழுவினரில் பாதிப் பேர் சாத்தம் துறைமுகத்தில் இருந்தார்கள். புதுச் சுருள் எழுதி வாங்கப் பத்து நாளாகும், பத்து நாளில் ஒரு பெயர் நழுவுவது பெரிய காரியம் இல்லை. கப்பலில் இருப்பவர்கள் அந்தப் பத்து நாளும் என்ன தின்பார்கள் என்பது ஆடுகளுக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

"சார்ஜென்ட்கிட்ட சொல்லுவோம்."

"சொன்னா அவரால ஒண்ணும் முடியாது. உறுப்பினரோட காலை நான் தொட்டா கேட்ஹவுஸ்ல உன் தம்பிக்குத் துணையா நான் இருப்பேன். அவ்வளவுதான் லாபம்."

மணி இரண்டேகால். எஸ்ரா இருமும் சத்தம் நடைபாதைவரை கேட்டதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எங்கேயாவது பார்க்க வேண்டுமே என்று புத்தகக் கடையைப் பார்த்தாள். கெட்டில்பியின் முழங்கைக்குப் பக்கத்திலேயே அவர் எழுதிய சிறு நூல் அடுக்கியிருந்தது. அச்சிட்டு ஐந்து வருஷமாகியும் அடுக்கு உயரம் குறையவில்லை. நாற்பது பக்கம். மண்டியிடாமல் செய்கிற ஜெபம் ஜெபமே ஆகாது என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டிருந்தார்.

அவள் தலைப்பை இரண்டு தடவை படித்தாள். பிறகு போதகர் ஜேபஸ் ஓட்வேயைத் தேடிப் போனாள்.

மூன்று மணி ஜெபத்துக்காக வந்திருந்த ஓட்வே, தூணடியில் ஒரு வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தார். கடலில் செத்த மாலுமிகளுக்காக இந்த மண்டபத்தில் இதுவரை ஒருவரும் ஜெபிக்கவில்லை என்று டார்கஸ் சொன்னாள். அது உண்மை. ஓட்வே வெங்காயத்தைக் கீழே வைத்தார். அவரை ஜெபிக்க வைப்பது சுலபம், நிறுத்துவதுதான் இதுவரை யாராலும் ஆகவில்லை.

அவர் குரல் எழும்பியதும் தொப்பிகள் இறங்கின. வக்கீல்கள் மண்டியிட்டார்கள். மீன் விற்பவள் மண்டியிட்டாள். சார்ஜென்ட் இடுப்பு வாளை ஒதுக்கிவிட்டு மண்டியிட்டார். மண்டபமே கண்ணை மூடியது. ஆம்ப்ரோஸ் கெட்டில்பி மட்டும் தன் நாற்பது பக்கங்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

ஓட்வே கப்பல் கப்பலாகப் போனார். பாய்மரத்திலிருந்து விழுந்தவர்களுக்காக ஜெபித்தார், குண்டடிபட்டவர்களுக்காக ஜெபித்தார், கரையில் காத்திருக்கும் அவர்களுடைய பெண்டாட்டி பிள்ளைகளுக்காக ஜெபித்தார். கால் மணி நேரம் ஆனது. பிறகு வணங்காத கழுத்துகளுக்காகவும் விறைத்துப் போன முழங்கால்களுக்காகவும் ஜெபிக்க ஆரம்பித்தார். கெட்டில்பியின் முகம் சிவந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு வலது முழங்காலை இறக்கினார். ஒரு பெருமூச்சு விட்டு இடது காலையும் மடக்கினார்.

பூட்ஸின் வாயிலிருந்து சுருள் ஒரு சாண் மேலே வந்தது. அவர் அமுக்கினார். மறுபடி வந்தது. இன்னும் அமுக்கியபோது ஒரேயடியாக எகிறி, கல்தரையில் விழுந்து, முத்திரை தடதடக்க உருண்டு, டார்கஸ் கடையின் மேசைக் காலில் முட்டி நின்றது. கெட்டில்பி அந்த உடம்போடு தவழ்ந்து போய் அதைப் பிடிக்கவும், ஓட்வே ஆமென் சொல்லவும் சரியாக இருந்தது.

மண்டபம் கண்ணைத் திறந்தது. கெட்டில்பி சுருளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

"கிடைச்சிடுச்சு," என்றார், கணீரென்று. "இந்தக் கடைக்காரி மேசைக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்தா. தம்பி எடுத்துக் கொடுத்திருக்கான், அக்கா பதுக்கியிருக்கா."

தம்பியைக் காப்பாற்ற டார்கஸ் வகுத்த திட்டம், அவனுக்கு எதிரான ஒரே சாட்சியை அவள் கடைக்கடியில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. அவள் கார்த்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க பார்த்தீங்கல்ல? சொல்லுங்க ஐயா."

"கண்ணை மூடியிருந்தேன்," என்றார் கார்த்.

"என்னது?"

"ஜெபம்னா ஜெபம்தான், டார்கஸ்."

சார்ஜென்ட் முறைப்படி கேட்டார். இந்தச் சுருள் எங்கிருந்து வந்தது என்று பார்த்தவர் யாராவது உண்டா? இருநூறு பேர் கல்தரையைப் பார்த்தார்கள். செத்த மாலுமிகளுக்கான ஜெபத்தில் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன் என்று இந்த ஊரில், இந்தக் காலத்தில், யார் ஒப்புக்கொள்வார்கள்? ஞாயிற்றுக்கிழமை பெயர் சொல்லித் திட்டுவார்கள். கடைக்காரர்களுக்குக் கடையே போய்விடும்.

"நான் பார்த்தேன்," என்றாள் டார்கஸ்.

இடது பூட்ஸிலிருந்து வந்தது, இரண்டு தடவை அமுக்கினார், மூன்றாவது தடவை எகிறியது என்று வரிசையாகச் சொன்னாள். சார்ஜென்ட் கெட்ட மனிதர் இல்லை, ஆனால் விதிமுறை தெரிந்தவர். குற்றவாளிக்கு அவள் அக்கா, சுருள் கிடைத்ததும் அவள் கடையடியில். அதோடு ஜெப நேரத்தில் வேடிக்கை பார்த்ததாகத் தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறாள். அதன் விளைவு தெரியுமா என்று கேட்டார்.

"தெரியும். கடையை எடுத்துக்குங்க," என்றாள். "செத்துப் போனவங்களுக்காக எல்லாரும் கண்ணை மூடினாங்க. உயிரோட இருக்கிற ஒருத்தனுக்காக நான் கண்ணைத் திறந்து வச்சிருந்தேன். அது பாவம்னா பாவமாவே இருக்கட்டும்."

மணி இரண்டேமுக்கால் அடித்தது.

"அவ சொல்றது சரி," என்றது ஒரு குரல். புத்தகக் கடைக்காரன். "லேசாத் திறந்திருந்தேன். தலைவலி." கெட்டில்பியின் நூல் ஐந்து வருஷமாக அடைத்துக்கொண்டிருந்த இடத்தை அவன் மறக்கவில்லை போலும். மீன் விற்பவள் தானும் ஒரு கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள், மீன் கூடையைப் பூனை சுற்றுகிறது என்று காரணம் சொன்னாள். இரண்டு வக்கீல்கள் ஒப்புக்கொண்டார்கள், கண்ணைத் திறந்தது தொழில் முறையில் என்றார்கள். அதற்குப் பிறகு யார் எதைச் சொல்கிறார்கள் என்றே தெரியாத அளவுக்குக் கண்ணைத் திறந்தவர்கள் பெருகிப் போனார்கள். கடைசியில் பார்த்தால் அன்றைக்கு அந்த மண்டபத்தில் முழுசாக ஜெபித்தவர் கார்த் ஒருவர்தான்.

"நானும் பார்த்தேன்," என்றார் போதகர் ஓட்வே, வெங்காயத்தைக் கையில் எடுத்தபடி. "விறைத்த முழங்கால்னு பின்ன எதைப் பார்த்துச் சொன்னேன்னு நினைக்கிறீங்க?"

சார்ஜென்ட் சுருளுக்காகக் கையை நீட்டினார். கெட்டில்பி கொடுக்காமல் சுற்றுமுற்றும் பார்த்து, தன் கூட்டத்து 'இல்லை'காரர்களைத் தேடினார். அவர்கள் எழுந்து அவர் பக்கம் வந்துகொண்டிருந்தார்கள். அவர் முகத்தில் கொஞ்சம் தெம்பு வந்தது. அப்போதுதான் கார்த் தொண்டையைச் செருமினார்.

"சுருள் சபையை விட்டு வெளிய வந்தது ஒரே வழியா, ஓட்டு எண்ணும்போது. வெளிய வந்த எல்லாரையும் 'ஆம்'னு எண்ணினாங்க. உங்களையும் எண்ணினாங்க, ஐயா. ஒரு ஓட்டுல தோத்திருக்க வேண்டிய மசோதா ஒரு ஓட்டுல ஜெயிச்சுது. உங்க மைத்துனர் நிலத்தை வித்தது உங்க காலுதான்."

வந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். காலையிலிருந்து அவர்கள் தேடிக்கொண்டிருந்த துரோகி யார் என்பது ஒவ்வொரு முகமாக உறைத்தது. அவர்களில் மூத்தவர் ஒருவர், திருடியதைக்கூட மன்னிக்கலாம் என்று ஆரம்பித்தார், மீதியைச் சொல்லவில்லை. கெட்டில்பி சார்ஜென்ட்டிடம் சுருளைக் கொடுத்துவிட்டு, காலையிலிருந்து முதல் தடவையாக, காலி பெஞ்சில் உட்கார்ந்தார்.

எஸ்ரா விடுதலையானான். கட்டணம் உண்டுதான், கார்த் கட்டினார். டார்கஸ் கடைக்கு ஒரு மாதம் பூட்டு. கண்ணைத் திறந்த மற்ற எல்லாருக்கும் பூட்டுப் போட்டால் வெஸ்ட்மின்ஸ்டரையே மூட வேண்டியிருக்கும் என்பதால் அது அவளோடு நின்றது. தம்பியைக் கட்டிப்பிடிக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. மூன்று மணி அடித்துவிட்டது, தலைமை எழுத்தருக்குத் தொண்டை கட்டியிருந்தது, பட்டியலை எஸ்ரா வாசிக்க வேண்டும் என்று உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள்.

கதவு சாத்தியாகிவிட்டது. டார்கஸ் வெளிக்கூடத்தில் கதவில் காதை வைத்து நின்றாள். உள்ளே எஸ்ராவின் குரல் பெயர் பெயராக வாசித்தது, ஏற்றமில்லை, இறக்கமில்லை, நடுவில் இரண்டு இருமல். சின்ன வயதில் அவன் வாசித்தால் வீட்டில் எல்லாரும் தூங்கிப் போவார்கள். இத்தனை அழகான குரலை இத்தனை நாள் கவனிக்காமல் இருந்துவிட்டோமே என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கார்த் தன் கைக்குட்டையை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு, கஞ்சி சரியாகப் போடவில்லை என்று சொல்லிவிட்டு, முப்பத்தொரு பெயரும் முடியும்வரை அதிலேயே அழுதாள்.